ஆர்டர் பதிவானதைப் பிற சேவைகளுக்குத் தெரிவிக்க ஏபிஐ அழைப்பா, நிகழ்வுச் செய்தியா?

கேள்வி:
எங்கள் ஆர்டர் சேவை, ஓர் ஆர்டர் வந்தவுடன் கையிருப்பு, கட்டணம், பில், மின்னஞ்சல் ஆகிய நான்கு சேவைகளையும் ஏபிஐ வழியாக (நேரடியாக அழைத்து, பதில் வரும்வரை காத்திருந்து) ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கிறது. மின்னஞ்சல் சேவை சற்றுச் சுணங்கினாலும் ஆர்டரே தோல்வியடைகிறது. எல்லாவற்றையும் காஃப்காவுக்கு (செய்திகளை வாங்கி வைத்து, பிற சேவைகள் படிக்கத் தரும் மென்பொருள்) மாற்றிவிடலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் 1:
எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கையிருப்பு உள்ளதா, பணம் வந்ததா என்று தெரியாமல் வாடிக்கையாளருக்கு உறுதி சொல்ல முடியாது என்பதால், அவ்விரண்டும் ஏபிஐயாகவே இருக்கட்டும். பில்லுக்கும் மின்னஞ்சலுக்கும் ஆர்டர் பதிவான செய்தி சிறிது தாமதமாகக் கிடைத்தாலும் போதும் என்பதால், அவற்றுக்கு அதை நிகழ்வுச் செய்தியாக அனுப்பலாம். தலா 99.9 சதவீத நேரம் இயங்கும் நான்கு சேவைகளைச் சங்கிலியாகக் கோத்து, ஒன்றின் கோளாறு மற்றொன்றைச் சாராதது என்று கொண்டால், மொத்தம் 99.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; அதாவது 30 நாள்களில் 43 நிமிடமாக இருந்த தடங்கல் ஏறத்தாழ 3 மணி நேரமாகிறது.

பதில் 2:
மேற்சொன்ன பிரிப்பு சரியே. ஆனால் தரவுத்தளத்தில் ஆர்டரை எழுதிவிட்டு, செய்தியை அனுப்புவதற்குள் சேவை நின்றுபோனால், ஆர்டர் இருக்கும், பில் இருக்காது. ஆகவே ஆர்டரை எழுதும் அதே பரிவர்த்தனையிலேயே (இரண்டும் சேர்ந்தே பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது) அவுட்பாக்ஸ் அட்டவணையில், அதாவது அனுப்ப வேண்டிய செய்திகளின் பட்டியலில், ஒரு வரி சேர்த்து, தனி நிரல் ஒன்று அதிலிருந்து எடுத்து அனுப்புமாறு அமையுங்கள். அந்த நிரல் செய்தியை அனுப்பிவிட்டு, அனுப்பியதாகக் குறிக்கும் முன் நின்றுவிட்டால் அதே செய்தி மீண்டும் போகும் என்பதால், பெறும் சேவை செய்தியின் அடையாள எண்ணைப் பார்த்து இரட்டிப்பைத் தள்ள வேண்டும். நாங்கள் இதை அலட்சியப்படுத்தியதில் ஒரே ஆர்டருக்கு இரண்டு பில்கள் போயின. அந்த வாரம் முழுவதும் கணக்குப் பிரிவினர் எங்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. இன்னொன்று: காஃப்காவில் வரிசைமுறை ஒரு பார்ட்டிஷனுக்குள் (செய்திகள் பிரித்து வைக்கப்படும் பகுதி) மட்டுமே காக்கப்படும்; செய்தி எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் கீயாக ஆர்டர் எண்ணையே கொடுக்காவிட்டால், ரத்துச் செய்தி பதிவுச் செய்திக்கு முன்பே கையாளப்படலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டே சேவைகளுக்காகக் காஃப்காவை நிறுவிப் பராமரிக்கத்தான் வேண்டுமா?

பதில் 2:
இப்போதைக்கு வேண்டாம். அதே அவுட்பாக்ஸ் அட்டவணையைப் படிக்கும் பின்னணி நிரல், பில், மின்னஞ்சல் ஏபிஐகளை வெற்றி கிடைக்கும்வரை இடைவெளி விட்டு அழைத்தாலே உங்கள் சிக்கல் தீரும். ஒரே செய்தியைப் பல குழுக்கள் தத்தம் வேகத்தில் படிக்கவும், பழையதை மீண்டும் ஓட்டிப் பார்க்கவும் தேவை எழும்போது காஃப்காவை யோசியுங்கள். அதுவும் இயல்பமைப்பில் செய்திகளை 7 நாள்களே வைத்திருக்கும்.