வெண்டை வேரில் முடிச்சு: 'லால்குடி வீடு' குழுவில் ஒரு ஞாயிறு

ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

[காலை 7:04] அம்பத்தூர் சித்தி: (படம்) மாடியில் மண் பைகளில் இருக்கிற மூன்று வெண்டைச் செடியும் முழங்கால் உயரத்துக்கு மேல் வளருவேனா என்கிறது. நண்பகலில் வாடித் தொங்குகிறது, தண்ணீர் விட்டாலும் நிமிர்வதில்லை. சரி, என்னதான் என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு! கவிதா பொங்கலுக்கு வந்தபோது தட்டைப்பயறு வேரில் காட்டினாளே, தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கிற பாக்டீரியா, அது இதிலும் வந்துவிட்டது போல. நல்லதுதானே?

[7:09] செல்வம் மாமா: வாழ்த்துகள் தங்கச்சி. இனிமேல் உரச் செலவு மிச்சம்.

[7:31] கவிதா அக்கா: சித்தி, அந்த முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். தனியாக உதிர்கிறதா?

[7:36] அம்பத்தூர் சித்தி: இல்லையே. வேரே வீங்கியிருக்கிறது. இழுத்தால் வேரோடுதான் பிய்கிறது.

[7:40] கவிதா அக்கா: அப்படியென்றால் அது ரைசோபியம், அதாவது நீங்கள் சொல்கிற பாக்டீரியா, இல்லை. வேர்முடிச்சு நூற்புழு. வெண்டைக்கு ரைசோபியம் வராது சித்தி, அந்தக் கூட்டு அவரை, பயறு, கடலை, அகத்தி மாதிரியான குடும்பத்தோடுதான். வெண்டை, தக்காளி, கத்தரி, வெள்ளரி வேரில் முடிச்சைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்.

[7:41] செல்வம் மாமா: வாழ்த்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

[7:44] அம்பத்தூர் சித்தி: கண்ணுக்குப் புழு எதுவும் தெரியவில்லையே கவிதா.

[7:52] கவிதா அக்கா: குஞ்சுப் புழு கண்ணுக்குத் தெரியாது. அது வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு, சுற்றியுள்ள செல்களைப் பெருக்க வைத்து அதிலிருந்து உறிஞ்சும். அந்தப் பெருக்கம்தான் முடிச்சு. வீங்கின இடத்தை பிளேடால் மெல்லக் கீறி வெளிச்சத்தில் பாருங்கள், ஊசிமுனை அளவில் முத்து மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பெண் புழு. வேரில் வழி அடைபட்டுப் போவதால்தான் தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது. பக்கத்தில் தட்டைப்பயறு இருக்கிறதா? அதில் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

[8:15] அம்பத்தூர் சித்தி: (படம்) (படம்) எடுத்துவிட்டேன். இதில் வேறு மாதிரிதான் இருக்கிறது. கடுகிலிருந்து மிளகு அளவு வரை உருண்டைகள், வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடுகிறது. ஒன்றை அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கினேன், உள்ளே சிவப்பு! விரலில்கூட ஒட்டுகிறது.

[8:17] அம்மா: ரத்தம் மாதிரி இருக்கிறதே!

[8:34] கவிதா அக்கா: ஏறக்குறைய ரத்தம்தான் பெரிய சித்தி. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன் ஒன்று அதில் இருக்கிறது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். இரும்புச்சத்து இருப்பதால் சிவப்பு. எதற்கு அது என்றால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிரோடு இருக்க ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலுக்குத்தான் அந்தச் சிவப்பு. ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கும். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசு, இல்லை வேலைக்காகாத ரகம். பச்சையாகிவிட்டால் ஓய்வு பெற்றுவிட்டது.
அம்பத்தூர் சித்தி, இன்னொன்றும் கவனியுங்கள். தட்டைப்பயறுக்கும் நூற்புழு வரும். ஒரே வேரில் நல்ல முடிச்சும் கெட்ட முடிச்சும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் எதையும் கிள்ளிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

[8:40] லால்குடி பெரியப்பா: (குரல் பதிவு, 2:10)

[8:43] நான்: பேருந்தில் நிற்கிறேன் பெரியப்பா, கேட்க முடியவில்லை. யாராவது எழுதுங்களேன்.

[8:50] அம்மா: அத்தான் சொல்வது: சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே வயல் ஈரத்தில் உளுந்து தெளிப்பார்கள். பூ எடுக்கிற சமயத்தில் அங்கங்கே ஒன்றைப் பிடுங்கி, வேரில் முடிச்சு நிறைய இருந்தால் அடுத்த நெல்லுக்குக் கவலையில்லை என்பார்களாம். பேர் தெரியாமலே அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தானாம். நடுவில் மாடு கத்துகிறது, அது புரியவில்லை.

[8:53] கவிதா அக்கா: அந்த பாக்டீரியாவை பெய்ஜெரிங்க் என்கிற டச்சுக்காரர் தனியாகப் பிரித்தது 1888-இல். டெல்டாவில் நெல்லுக்குப் பின் பயறு போடுவது அதற்கு ரொம்ப முந்தியது. ஆனால் அப்பா, ஒரு திருத்தம். காயைப் பறித்து, செடியையும் பிடுங்கிப் போய்விட்டால் பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி பருப்போடு வீட்டுக்கு வந்துவிடும். மண்ணுக்குச் சேர வேண்டும் என்றால் வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அறுக்க வேண்டும். முழுப் பலன் வேண்டுமென்றால் தக்கைப்பூண்டு, சணப்பு மாதிரி பூக்கும்போதே மடக்கி உழ வேண்டும்.

[8:55] லால்குடி பெரியப்பா: சரிம்மா. உளுந்தை மடக்கி உழுதால் தோசைக்கு என்ன செய்வது?

[9:12] செல்வம் மாமா: (பலமுறை அனுப்பப்பட்ட செய்தி) *அதிர்ச்சித் தகவல்!* ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி பாக்டீரியா இருக்கிறது. ஒரு பிடி யூரியா போட்டால் ஒரே நாளில் அத்தனையும் செத்துவிடும். அனைவருக்கும் பகிருங்கள்!

[9:25] கவிதா அக்கா: மாமா, முதல் பாதி சரி. நல்ல மண்ணில் அந்த அளவு இருக்கும். இரண்டாவது பாதி தவறு. யூரியாவை உடைத்து செடிக்கு ஏற்றதாக மாற்றுவதே மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான். அவை எல்லாம் செத்தால் யூரியாவே வேலை செய்யாது. உண்மையான சிக்கல் வேறு. பயறுக்கு யூரியா தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து நைட்ரஜன் வாங்குவது செடிக்குச் செலவு. சும்மா கிடைக்கும்போது எதற்குச் செலவழிக்க வேண்டும்? அப்புறம், யூரியா மட்டும் போட்டு, சாணம் தழை எதுவும் போடாமல் வருஷக்கணக்கில் விட்டால் மண்ணில் மட்கு குறையும், அதைத் தின்று வாழ்கிறவையும் குறையும். அது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால் அதிர்ச்சித் தகவலாகவும் போடுவதில்லை.

[9:58] விக்கி: இப்போதுதான் எழுந்தேன். அக்கா, என் பால்கனிக் கதையைக் கேளுங்கள். மண்ணே போடாமல் கோகோபீட் (தென்னைநார்க் கழிவு) மட்டும் போட்டு மிளகாய், தக்காளி வைத்தேன். நுண்ணுயிர் பெருகட்டும் என்று வாரம் இரண்டு தடவை வெல்லத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு வீடியோவில் சொன்னார்கள். கீழ் இலையெல்லாம் மஞ்சள். ஊற்ற ஊற்ற இன்னும் மஞ்சள்.

[10:01] அம்பத்தூர் சித்தி: ஞாயிறு என்றால் பத்து மணியா? சாப்பிட்டாயா?

[10:20] கவிதா அக்கா: விக்கி, நுண்ணுயிர் நன்றாகவே பெருகியிருக்கும். அதனால்தான் மஞ்சள்! அதன் உடம்பில் தோராயமாக 8 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) 1 பங்கு நைட்ரஜன். தின்கிற கரிமத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பாகிறது, மிச்சம் மூச்சாக வெளியே போய்விடும். ஆக அதற்குக் கட்டுப்படியாகிற சாப்பாடு 24-க்கு 1. மட்காத தென்னைநார்க் கழிவில் இந்தக் கணக்கு 100-க்கும் மேலே. வெல்லத்தில் நைட்ரஜன் இல்லை என்றே சொல்லலாம். நீ கரிமத்தை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறாய். குறைகிற நைட்ரஜனை அது செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

[10:23] செல்வம் மாமா: மருமகனே, பந்தியில் சோற்றை மட்டும் மலைபோல் வைத்தால் குழம்புக்குப் பக்கத்து இலையில் கை வைப்பான். அந்தப் பக்கத்து இலை உன் மிளகாய்.

[10:24] கவிதா அக்கா: மாமா, இதை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

[10:26] விக்கி: அப்போது என்ன செய்வது? எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

[10:41] கவிதா அக்கா: கொட்டாதே. வெல்லத் தண்ணீரை நிறுத்து. கோகோபீட்டில் மூன்றில் ஒரு பங்காவது நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்துவிடு. கூடவே உண்மையான மண் கொஞ்சம். உடனடியாகப் பச்சை திரும்ப வேண்டுமென்றால் கடலைப்புண்ணாக்கு ஊறவைத்த தெளிநீரை நீர்க்க விட்டு ஊற்று, புண்ணாக்கில் நைட்ரஜன் 7 சதவீதம் போல இருக்கும். ரொம்பக் கெட்டியாக ஊற்றினால் வேர் அழுகும், பால்கனியும் நாறும்.
இங்கே கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் நார்க்கழிவை சிப்பிக்காளான் விதையும் யூரியாவும் அடுக்கி மட்க வைக்கச் சொல்கிறது. ஒரு மாதம் போனால் 112-க்கு 1 என்று இருந்தது 24-க்கு 1 ஆக இறங்கிவிடும். ஆமாம் மாமா, அதில் யூரியாவும் உண்டு. அந்தச் செய்தியைப் பரப்பியவரிடம் சொல்லுங்கள்.

[10:50] லால்குடி பெரியப்பா: விக்கி, இங்கே வந்து ஜீவாமிர்தம் எடுத்துப் போ. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. நிழலில் 48 மணி நேரம். ஒரு ஏக்கருக்குப் போதும்.

[10:52] விக்கி: பெரியப்பா, என்னுடையது எட்டு தொட்டி.

[11:05] கவிதா அக்கா: அப்பாவின் கலவையில் வெல்லத்தோடு பயறு மாவும் கோமியமும் இருக்கிறது, பாருங்கள். இரண்டும் நைட்ரஜன். வெறும் வெல்லத் தண்ணீருக்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம். ஆனால் அப்பா, உண்மையைச் சொல்லுங்கள், போன வருடம் தென்னந்தோப்பில் மூடாக்கு (மண்ணை மூடுகிற சருகு) போட்ட பக்கமும் போடாத பக்கமும் ஒரே ஜீவாமிர்தம்தானே ஊற்றினீர்கள்?

[11:09] லால்குடி பெரியப்பா: ஒரே டிரம்தான். மூடாக்கு போட்ட பக்கம் மண்ணில் விரல் இறங்கியது. போடாத பக்கம் மண்வெட்டி எகிறியது.

[11:11] கவிதா அக்கா: அதுதான். டிரம்மில் பெருகுவது எல்லாம் மண்ணில் குடியேறிவிடாது. தின்ன மட்கும், ஈரமும், நிழலும் இருக்கிற இடத்தில்தான் நிலைக்கும். இந்த வெயிலில் மொட்டை மாடிப் பையின் மேல்மண்ணைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காய்ந்த சருகு இரண்டு அங்குலம் பரப்பினாலே பாதிச் சிக்கல் தீரும்.
இன்னொன்று, சாணக் கரைசலைப் பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, புதினா மேல் தெளிக்காதீர்கள். வேருக்கு மட்டும். சாணத்தில் வயிற்றுப்போக்கு வரவைக்கிற கிருமியும் இருக்கலாம்.

[11:20] அம்பத்தூர் சித்தி: கவிதா, என்னிடம் 'வேம்' பொடி ஒரு பொட்டலம் இருக்கிறது. முள்ளங்கிக்கும் தண்டுக்கீரைக்கும் போடட்டுமா?

[11:28] கவிதா அக்கா: வேண்டாம் சித்தி, வீண். அது வேரோடு கூட்டு சேர்கிற பூஞ்சணம். அதன் இழை வேர் எட்டாத இடத்துக்குப் போய் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். நிலத்துச் செடிகளில் பெரும்பாலானவை அதோடு கூட்டு வைக்கும், ஆனால் முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் வைக்காது. கீரைத்தண்டும் அப்படித்தான். தக்காளி, கத்தரி, மிளகாய், வெங்காயம் நடும்போது குழியில் வேரைத் தொடுகிற மாதிரிப் போடுங்கள். மேலே தூவினால் பிரயோசனம் இல்லை. சூப்பர் பாஸ்பேட் அள்ளிப் போட்ட பைக்கும் வேண்டாம், மணிச்சத்து நிறைய இருந்தால் செடி அதைச் சீந்தாது.

[11:30] அம்மா: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, அதெல்லாம் இதைக் கொல்லாதா?

[11:34] கவிதா அக்கா: மண்ணில் ஊற்றும்போது பெரிய பாதிப்பு இல்லை, மட்கில் பட்டதும் குளோரின் செலவாகிவிடும். கரைசல் தயாரிக்க மட்டும் முதல் நாள் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள்.

[11:36] நான்: அக்கா, கோடை மழை பெய்ததும் ஒரு மண்வாசனை வருமே, அதுவும் இவற்றின் வேலையா?

[11:45] கவிதா அக்கா: ஆமாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்கிற வகை. அது விடுகிற ஜியோஸ்மின் என்கிற பொருள்தான் அந்த வாசனையில் முக்கியம். மட்கு நன்றாகத் தயாரானதும் அதே வாசனை வரும், சாக்கடை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அப்பத்தாவுக்கு டி.பி. வந்தபோது போட்டார்களாமே ஊசி, ஸ்ட்ரெப்டோமைசின், அதுவும் அந்த மண் குடும்பம்தான். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மேன் ஆய்வகத்தில் கண்டுபிடித்தது.

[11:47] லால்குடி பெரியப்பா: தொண்ணூறு ஊசி போட்டார்கள் என்று அம்மா சொல்லும்.

[12:02] செல்வம் மாமா: மருமகளே, என் தோட்டத்து மண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஏதாவது வழி? காசு செலவில்லாமல்.

[12:08] கவிதா அக்கா: பழைய பனியன் ஒன்றை அரையடி ஆழத்தில் புதையுங்கள் மாமா. சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். மண் ஈரமாகவே இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நல்ல மண் என்றால் தையல் நூலும் எலாஸ்டிக்கும்தான் மிஞ்சும்.

[12:10] செல்வம் மாமா: நான் இப்போது போட்டிருப்பதே ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருக்கிறது என்கிறாள் உன் அத்தை.

[12:30] அம்பத்தூர் சித்தி: எல்லாரும் பேசிவிட்டீர்கள், என் வெண்டைக்கு வழி சொல்லவே இல்லை.

[12:52] கவிதா அக்கா: மன்னிக்கவும் சித்தி. மூன்று செடியையும் வேர் துண்டுகூட மிச்சமில்லாமல் எடுத்துக் குப்பைக்குப் போடுங்கள். மட்குத் தொட்டிக்கு வேண்டாம், நம் சின்னத் தொட்டியில் புழு முட்டை சாகிற அளவு சூடு ஏறாது. பை மண்ணை மாடியில் பரப்பி, ஈரப்படுத்தி, கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீனால் மூடி ஓரமெல்லாம் கல் வையுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம். நாலிலிருந்து ஆறு வாரம். இந்தக் கத்திரி வெயில் அதற்கென்றே வருகிற மாதிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் நல்லதும் நிறையப் போய்விடும், அதனால் பிறகு மண்புழு உரம் கலந்து, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் போட்டு, முதலில் செண்டுமல்லி நடுங்கள். அதன் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. பூ முடிந்ததும் செடியை நறுக்கி அதே பையில் போட்டுவிடலாம். வெண்டை, கத்தரி, தக்காளி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.
முக்கியமாக, அந்தப் பை மண்ணையோ, அதில் விட்ட நாற்றையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். அது பரவுவதே அப்படித்தான்.

[12:55] அம்பத்தூர் சித்தி: ஐயையோ. அந்தப் பையில் விட்ட கத்தரி நாற்று ஆறு போன வாரம்தான் எதிர் வீட்டுக்குக் கொடுத்தேன்.

[12:56] கவிதா அக்கா: நட்டுவிட்டார்களா?

[12:57] அம்பத்தூர் சித்தி: தரையில் நட்டிருந்தால் போச்சு. இரு, போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

[1:14] அம்பத்தூர் சித்தி: இன்னும் பால் பாக்கெட் கவரிலேயே வைத்திருக்கிறார்களாம், நடவில்லை. வாங்கி வந்துவிட்டேன். வேறு நாற்று தருவதாகச் சொல்லியிருக்கிறேன். லால்குடி அத்தான், அடுத்த வாரம் யாராவது சென்னை வந்தால் வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள், இங்கே சொல்கிற விலை நியாயமாக இல்லை.

[1:16] லால்குடி பெரியப்பா: புதன்கிழமை தம்பி வருகிறான். ஐந்து கிலோவாகவே தருகிறேன், எதிர் வீட்டுக்கும் கொடு.