லாகின் செய்தாலும் லாகின் பக்கமே திரும்ப வருகிறது: எக்ஸ்பிரஸ் செஷன் உதவி தேவை

கத்துக்குட்டி:
வணக்கம். நோட் ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது), அதன் வெப் ஃபிரேம்வொர்க் எக்ஸ்பிரஸ் வைத்து ஒரு சின்னத் தளம் செய்கிறேன். ஃபார்மில் வரும் கடவுச்சொல்லை பிகிரிப்ட் (கடவுச்சொல் ஹாஷ் லைப்ரரி) மூலம் ஒப்பிட்டு, சரியென்றால் பயனர் எண்ணை எக்ஸ்பிரஸ்-செஷனில் (லாகின் செய்தவரை நினைவில் வைக்கும் மிடில்வேர்) போட்டு முகப்புக்கு ரீடைரக்ட் செய்கிறேன். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. சர்வரில் ஏற்றி, முன்னால் பிராக்ஸியாக (கோரிக்கைகளை வாங்கி நோடுக்குக் கடத்தும் சர்வர்) என்ஜின்எக்ஸ் வைத்து எச்டிடிபிஎஸ் போட்டபின், லாகின் கொடுத்தால் மறுபடி லாகின் பக்கத்துக்கே தள்ளுகிறது. லாகில் எர்ரர் எதுவும் இல்லை. சர்வரில் மட்டும் குக்கீக்கு 'செக்யூர்: ட்ரூ' (எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் போக) கொடுத்திருக்கிறேன். லாகின் ரூட்டில் பெரிதாக எதுவும் இல்லை. பயனரை டேட்டாபேஸில் எடுத்து, இஃப் அடைப்புக்குள் நேராக பிகிரிப்ட் டாட் கம்பேர் அழைக்கிறேன், அவ்வளவுதான்.

வெட்டிவேலை:
கார்ஸ் (வேறு டொமைனுக்குப் போகும் கோரிக்கைகளுக்கான பிரவுசர் விதி) பிரச்சினை ப்ரோ. ஃபெட்சில் கிரெடென்ஷியல்ஸ் 'இன்க்ளூட்' கொடுத்துப் பாருங்கள்.

கத்துக்குட்டி:
ஃபெட்ச் பயன்படுத்தவில்லை. சாதாரண ஃபார்ம்தான், எல்லாம் ஒரே டொமைன்.

இரவுப்பறவை:
அப்படியென்றால் கார்ஸுக்கு இங்கே வேலையே இல்லை. பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்துவைத்து லாகின் செய்யுங்கள். போஸ்ட் கோரிக்கைக்கு வரும் பதிலில் 'செட்-குக்கீ' ஹெடர் இருக்கிறதா? வேறு பெயர் வைக்கவில்லை என்றால் குக்கீயின் பெயர் 'கனெக்ட் டாட் எஸ்ஐடி' என்று இருக்கும்.

கத்துக்குட்டி:
302 (ரீடைரக்ட்) வருகிறது, செட்-குக்கீ மட்டும் இல்லை. லேப்டாப்பில் இருக்கிறது.

இரவுப்பறவை:
சரி, பிடிபட்டுவிட்டது. எச்டிடிபிஎஸ் உங்கள் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நோடுக்குப் போவது வெறும் எச்டிடிபி. 'செக்யூர்: ட்ரூ' இருந்தால், இணைப்பு பாதுகாப்பானதா என்று எக்ஸ்பிரஸ்-செஷன் பார்க்கும். இல்லையென்று தெரிந்தால் குக்கீயை அனுப்பாமல் பேசாமல் இருந்துவிடும். எர்ரரும் வராது. குக்கீ போகாததால் அடுத்த கோரிக்கையில் நீங்கள் யாரென்று சர்வருக்குத் தெரியாது, லாகின் பக்கத்துக்கே அனுப்பும்.

இரண்டு இடத்தில் மாற்றுங்கள். எக்ஸ்பிரஸில், செஷன் மிடில்வேருக்கு முன்பே, ஆப் டாட் செட் மூலம் 'டிரஸ்ட் பிராக்ஸி' மதிப்பை 1 ஆக வையுங்கள். என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் 'எக்ஸ்-ஃபார்வர்டெட்-ப்ரோட்டோ' ஹெடரை டாலர் ஸ்கீம் மதிப்போடு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை. 1 என்றால் நடுவில் ஒரே ஒரு பிராக்ஸி என்று பொருள். சிலர் ட்ரூ என்று போடச் சொல்வார்கள், வேண்டாம். எந்த ஐபியிலிருந்து வருகிறோம் என்று வெளியாட்கள் பொய் சொல்ல அது வழிவிடலாம். செக்யூரை ஃபால்ஸ் ஆக்கித் தப்பிக்கவும் நினைக்காதீர்கள்.

கத்துக்குட்டி:
வேலை செய்கிறது! மிக்க நன்றி அண்ணா.

பழையபெட்டி:
கொஞ்சம் பொறுங்கள், இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இஃப் அடைப்புக்குள் நேராக கம்பேர் என்றீர்களே, அதற்கு முன்னால் 'அவெய்ட்' இருக்கிறதா? கம்பேர் திருப்பித் தருவது ஒரு ப்ராமிஸ், அதாவது விடை பிறகு வரும் என்ற வாக்கு. ப்ராமிஸ் ஒரு ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் எதுவானாலும் இஃபுக்கு அது உண்மைதான். ஒரு தப்பான கடவுச்சொல் போட்டுப் பாருங்கள்.

கத்துக்குட்டி:
ஐயோ. 'அஆஇஈ' என்று போட்டாலும் உள்ளே விடுகிறது.

பழையபெட்டி:
விடத்தான் செய்யும். சரியான கடவுச்சொல்லை மட்டுமே போட்டுச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. ரூட் ஃபங்ஷனை 'அசிங்க்' ஆக்கி, கம்பேருக்கு முன் அவெய்ட் போடுங்கள். எக்ஸ்பிரஸ் 4 என்றால் ட்ரை-கேட்சும் வேண்டும், ஏனென்றால் அசிங்க் ஃபங்ஷனில் எழும் எர்ரரை அது தானாகப் பிடிக்காது. 2024இல் வந்த 5ஆம் பதிப்பு பிடிக்கும்.

கையோடு, ஒப்பிட்டு முடித்ததும் 'ரீஜெனரேட்' அழைத்து, புது செஷனில் பயனர் எண்ணைப் போடுங்கள். லாகினுக்கு முன்பிருந்த செஷன் ஐடியையே தொடரவிட்டால், அதை முன்கூட்டியே உங்கள் பயனர் தலையில் கட்டியவன் அவராகவே உள்ளே நுழைந்துவிடலாம்.

கத்துக்குட்டி:
இரண்டையும் செய்துவிட்டேன், தப்பான கடவுச்சொல் இப்போது உள்ளே போகவில்லை. கடைசியாக ஒன்று: சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் லாக்அவுட் ஆகிறார்கள். இதுவும் குக்கீ பிரச்சினையா?

இரவுப்பறவை:
இல்லை. ஸ்டோர் (செஷன்களைச் சேமிக்கும் இடம்) எதுவும் குறிப்பிடாவிட்டால் செஷன்கள் மெமரியில்தான் இருக்கும், ரீஸ்டார்ட்டில் போய்விடும். ப்ரொடக்‌ஷனில் ஓடும்போது 'மெமரிஸ்டோர்' பற்றி ஒரு எச்சரிக்கை லாகில் வந்திருக்கும், தேடிப் பாருங்கள். ரெடிஸ் (மெமரியில் ஓடும் டேட்டாபேஸ்) இருந்தால் அதற்கான ஸ்டோர், இல்லையென்றால் ஏற்கெனவே வைத்திருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு ஸ்டோர் பேக்கேஜ் போதும். செஷன் குக்கீயில் கையெழுத்திடும் சீக்ரெட்டையும் பாருங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிதாக உருவாக்குகிறீர்கள் என்றால் எந்த ஸ்டோர் போட்டாலும் இதே கதைதான். என்விரான்மென்ட் வேரியபிளில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.