ஓர் ஊராட்சியில் 2011-க்குப் பிறகு வறுமை குறைந்ததா என்று எப்படிக் கணக்கிடுவது?

ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி. தாய்க்கிராமம், காலனி, ஒரு குக்கிராமம் எல்லாம் சேர்த்து சுமார் 420 வீடுகள். 2011-இல் இருந்த நிலைக்கும் இப்போதைய நிலைக்கும் என்ன மாற்றம் என்று கிராம சபையில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும். கையில் இருப்பவை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணை, நூறு நாள் வேலையின் ஆண்டுவாரி மனித நாட்கள், ரேஷன் அட்டை எண்ணிக்கை. களத்துக்கு ஐந்து பேர் வருவார்கள். இவற்றை வைத்தே வறுமை விழுக்காடு சொல்ல முடியுமா? வீடு வீடாகப் போவதென்றால் வருமானத்தைக் கேட்பதா, செலவைக் கேட்பதா?

கிராமக்கணக்கு

முதல் கேள்விக்கு, முடியாது. செய்தித்தாளில் வரும் வறுமை விழுக்காடு தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவிலிருந்து வருவது. வறுமையைக் கணக்கிட அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்துக்கான வறுமைக் கோடு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். அதற்குக் கீழே இருந்தவர்கள் 15.8 விழுக்காடு. அந்தக் கோட்டை உங்கள் ஊருக்குப் போட ஒவ்வொரு வீட்டின் செலவும் தெரிய வேண்டும். உங்களிடம் உள்ள மூன்றிலும் அது இல்லை. 2022-23 ஆய்வில் நாடு முழுக்கவே 2,61,746 வீடுகள்தான். ஒரு மாவட்டத்துக்குச் சில நூறு தேறும், ஓர் ஊராட்சிக்கு ஒன்றும் தேறாது. அந்த ஆய்வு சொல்லும் தமிழ்நாட்டுக் கிராமப்புறச் சராசரி (ஆளுக்கு மாதம் 5,310 ரூபாய்) என்பதிலிருந்து 2011-12 சராசரியைக் கழித்து வளர்ச்சி காட்டவும் வேண்டாம். முன்பு ஒரே தடவையில் கேட்டதை இம்முறை மூன்று தடவை போய்க் கேட்டார்கள், பொருள் பட்டியலும் மாறியது. கேட்கும் விதம் மாறினாலே தொகை மாறிவிடும்.

இனி உங்கள் மூன்று கோப்புகள். கணக்கெடுப்பு அட்டவணையில் 'கிராமம்' என்பது வருவாய் கிராமம். ஊராட்சி எல்லை வேறாக இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தைப் பார்த்து, எந்தக் குக்கிராமம் எந்தக் கிராம எண்ணில் சேர்ந்தது என்று முதலில் எழுதி வையுங்கள். இதை விட்டால் 'மக்கள்தொகை குறைந்தது' என்ற முடிவு எல்லைக் கோட்டால் வந்ததாக இருக்கும். அதே அட்டவணையில் ஆண்டுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுந்தொழிலாளர். விவசாயக் கூலிகளில் குறுந்தொழிலாளர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் மற்ற எல்லாவற்றையும் விடப் பயன்படும்.

ரேஷன் அட்டையை வறுமைக்கு அடையாளமாக எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. அரிசி வாங்கும் அட்டைகளில் வசதியானவர்களும் இருக்கிறார்கள்.

நூறு நாள் வேலை எண்ணில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் செய்த வேலை ஒரு மனித நாள்) குறைந்தால் மக்களுக்கு வேலை தேவைப்படவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. வேலை திறக்கப்படாமல் இருந்திருக்கலாம், கூலி மாதக்கணக்கில் நின்றதால் ஆட்கள் வராமல் இருந்திருக்கலாம், ஆதார் இணைப்பில் பெயர் நீங்கியிருக்கலாம். வேலை கேட்ட குடும்பங்கள், வேலை பெற்ற குடும்பங்கள், 100 நாள் முடித்த குடும்பங்கள் ஆகிய மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். கேட்டதற்கும் பெற்றதற்கும் இடைவெளி இருந்தால் குறை திட்டத்தில். கேட்டவர்களே குறைந்திருந்தால் மட்டும் வெளிவேலை பெருகியதா என்று பாருங்கள். வாய்மொழியாகக் கேட்டதைப் பல இடங்களில் பதிவதே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் கிராமப்புற விவரம் 2015 ஜூலையில் வெளிவந்தது. மண், ஓலை போன்ற கச்சாச் சுவரும் கூரையும் உள்ள ஒற்றை அறை, 25 வயதுக்கு மேல் எழுத்தறிந்தவர் இல்லாத வீடு, நிலமில்லாமல் உடலுழைப்புக் கூலியை நம்பும் வீடு என்று ஏழு இல்லாமைகளை அதில் கேட்டார்கள். நீங்களும் அதே வரையறையில் கேட்டால் 2011-ஓடு ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும்.

களத்துமேடு

420 வீடு என்றால் மாதிரி எடுக்க வேண்டாம், முழுவதையும் எடுத்துவிடலாம். ஒருவர் நாளுக்கு 8 வீடு, ஐந்து பேருக்கு 40, ஆக 11 நாள். 60 வீட்டை மட்டும் குலுக்கி எடுத்து 20 விழுக்காடு என்று வந்தால், உண்மை 11-இலிருந்து 29 வரை எங்கும் இருக்கலாம். அதை வைத்துக் கிராம சபையில் ஒன்றும் சொல்ல முடியாது.

வீடு என்றால் ஒரே அடுப்பில் உலை வைத்துச் சாப்பிடுபவர்கள். ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு வீடு.

பட்டியலை ரேஷன் அட்டையிலிருந்தோ மின் இணைப்பிலிருந்தோ எடுக்க வேண்டாம். தெருத் தெருவாக நடந்து, பூட்டிய வீட்டுக்கும் எண் கொடுங்கள். உங்கள் மாவட்டத்தில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள்தான் மிக ஏழைகள். இருளர் குடும்பங்கள் பல அதில் அடக்கம். கோடையில் போய்விட்டு 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வந்தால் ஏழ்மை தானாகக் குறைந்துவிடும். மழை பிடித்துச் சூளை நிற்கும்போதுதான் அவர்கள் ஊரில் இருப்பார்கள். அப்போது போங்கள். அடுத்த சுற்றும் அதே மாதத்தில் இருக்கட்டும். ஒரு சுற்று பொங்கலிலும் மறு சுற்று ஆடியிலும் எடுத்தால் தெரிவது பருவ மாற்றம்தான்.

வருமானத்தைக் கேட்க வேண்டாம். கூலிக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை, நிலமுள்ளவர் குறைத்துத்தான் சொல்வார். செலவைக் கேளுங்கள், காய்கறி, மீன், எண்ணெய்க்கு 7 நாள், அரிசி பருப்புக்கு 30 நாள், துணி, படிப்பு, மருத்துவமனையில் தங்கிய செலவுக்கு 365 நாள். 'மாதம் எவ்வளவு செலவாகும்?' என்று மொத்தமாகக் கேட்டால் எல்லோரும் ஒரு முழு எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

'கேஸ் இருக்கிறதா?' என்பதும் வீண் கேள்வி. 'இப்போது ஓடுகிற சிலிண்டரை எப்போது மாட்டினீர்கள்? அதற்கு முந்தையது எந்த மாதம்?' என்று கேளுங்கள். நாலு பேர் வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் நாலு மாதம் வருகிறதென்றால் சோறு விறகில் வேகிறது. கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தால் சுள்ளிக்கட்டு தெரியும்.

நில அளவில் எச்சரிக்கை. உங்கள் பக்கம் ஒருவர் 'ரெண்டு காணி' என்றால் 2.64 ஏக்கர். எக்செல்லில் 2 என்று மட்டும் ஏறிவிட்டால் பிறகு கண்டுபிடிக்க முடியாது. அளவுக்கு ஒரு கட்டம், அலகுக்கு ஒரு கட்டம் தனித்தனியாக வையுங்கள்.

ஏரிக்கரை

மிக்க நன்றி ஐயா. 2011-இல் வீடுவாரியான விவரம் எங்களிடம் இல்லை. நினைவிலிருந்து கேட்டால் நம்பலாமா? டிவி, மிக்சி, கான்கிரீட் கூரை போன்றவற்றை வைத்து அன்றும் இன்றும் ஒப்பிடலாமா?

மறுஆய்வு

நினைவுக்கு ஒரு முளை அடிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்கு அது தானே புயல், 2011 டிசம்பர் 30. '2011-இல்' என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'தானே அடித்தபோது கூரை என்னவாக இருந்தது, எத்தனை மாடு, எவ்வளவு நிலம், யார் எங்கே வேலைக்குப் போனார்?' என்று கேட்டால் பதில் வரும். செலவையும் கூலித் தொகையையும் மட்டும் நினைவிலிருந்து கேட்க வேண்டாம். அன்று இருந்து இன்று ஊரை விட்டுப் போன குடும்பங்களைப் பழைய வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்து, உறவினரிடம் எங்கே, ஏன் என்று விசாரியுங்கள். அவர்களை விட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

டிவி, மிக்சி, கிரைண்டர், ஃபேன், பள்ளி சைக்கிள் எல்லாம் அரசு கொடுத்தவை. அவற்றால் வீடுகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. கான்கிரீட் கூரையிலும் கவனம் தேவை. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். வீடு அதில் முடியாது. மீதிக்கு நகை அடகு, மகளிர் குழுக் கடன். கூரை உயர்ந்த வீட்டில் வாரத் தவணை எத்தனை என்று கேட்காமல் 'முன்னேறியது' என்று எழுதாதீர்கள். வட்டியை மக்கள் சொல்லும் மொழியிலேயே பதியுங்கள். 'நூத்துக்கு மூணு' என்றால் மாதம் 3, ஆண்டுக்கு 36 விழுக்காடு. நகை அடகு, குழு, கைமாற்று, தண்டல் என்று தனித்தனி வரியில், ஒவ்வொன்றும் எதற்காக வாங்கியது என்பதோடு.

கூலியை அரிசியாக மாற்றி ஒப்பிடும் பழைய வழக்கமும் இங்கே பொருந்தாது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். கூலியை மாநிலத்துக்கான விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டால் வகுங்கள். அடிப்படை ஆண்டு மாறியிருந்தால் பழைய குறியீட்டையும் புதியதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் இணைப்புக் காரணியை மறக்க வேண்டாம். ஆண் கூலியும் பெண் கூலியும் தனித்தனியாக.

முடிவை ஒற்றை விழுக்காடாகச் சொல்லாமல் நான்கு கட்டமாகக் காட்டுங்கள்: அன்றும் இன்றும் ஏழை, மேலே வந்தவர், கீழே இறங்கியவர், இரண்டு முறையும் ஏழை அல்லாதவர். உதாரணத்துக்கு, 100 ஏழை வீடு 70 ஆனது என்றால் 30 குறைந்தது போலத் தெரியும். 50 வீடு ஏறி 20 வீடு இறங்கினாலும் அதே 70-தான் வரும். அந்த இருபது வீடு ஏன் இறங்கியது, மருத்துவச் செலவா, கல்யாணக் கடனா, ஆழ்துளைக் கிணறு பொய்த்ததா என்பதில்தான் ஊராட்சி கை வைக்க வேண்டிய இடம் இருக்கிறது. காலனிக்குத் தனி அட்டவணை கட்டாயம் போடுங்கள்; ஊர்ச் சராசரி அதை மூடிவிடும். ஆனால் ஐந்து வீட்டுக்குக் குறைந்த கட்டத்தைச் சபையில் காட்ட வேண்டாம், யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் மாவட்டத்து இருவேல்பட்டு இதற்கு நல்ல முன்னுதாரணம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆய்வு செய்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1930-களிலும் 1980-களிலும் அதன் பிறகும் ஆய்வாளர்கள் அங்கே திரும்பிப் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, உழவு வேலை எப்படி வெளிவேலையானது என்று தலைமுறை தாண்டிச் சொல்ல முடிவது, பழைய கணக்கு அச்சில் நின்றதால்தான். நீங்களும் வினாத்தாள், வரையறை, வீட்டு எண் போட்ட தெரு வரைபடம் மூன்றையும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். பெயரும் வீட்டு எண்ணும் சேர்ந்த தாள் மட்டும் தனி உறையில், பூட்டி இருக்கட்டும்.