ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோன்: கூகுள் ஆதென்டிகேட்டரிலேயே இருக்கலாமா, வேறு ஆப்புக்கு மாறலாமா?

ஈசூன்_முறுக்கு | வியாழன், இரவு 10.42

வணக்கம். சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். தீபாவளி ஆர்டர் குவிவதற்குள் ஹேண்ட்போனை மாற்றிவிடலாம் என்று நேற்று ஐஃபோன் வாங்கிவிட்டேன். பழையது ஆண்ட்ராய்டு. அதில் கூகுள் ஆதென்டிகேட்டரில் (கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் 6 இலக்க எண்ணைத் தருகிற ஆப்) 19 கணக்குகள் இருக்கின்றன: ஜிமெயில், முகநூல் பக்கம், இன்ஸ்டாகிராம், இணையக் கடை, டொமைன் (கடையின் இணைய முகவரி) வாங்கிய இடம், இன்னும் என்னென்னவோ. கூகுள் கணக்கில் பேக்கப் ஆகும் வசதியை நான் போட்டதே இல்லை.

அந்த வசதியைப் போட்டுவிட்டு ஐஃபோனில் அதே ஆப்பைத் திறந்தால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். என் தம்பியோ, ‘எல்லாத்தையும் கூகுள்கிட்ட கொடுக்காதே, இந்தச் சாக்கில் வேற ஆப்புக்கு மாறிடு’ என்கிறான். பழைய போனைத் திங்கட்கிழமை கடையில் கொடுத்தால் 180 வெள்ளி கிடைக்கும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். வீட்டில் நடக்கிற சண்டையை இங்கே கொண்டுவந்துவிட்டேன், மன்னிக்கவும்.

பொங்கோல்_ரூட்டர் | வியாழன், இரவு 11.05

தம்பி சொல்வதுதான் சரி.

ஆப்பில் ஒவ்வொரு கணக்கையும் சேர்க்கும்போது கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தீர்களே, அதற்குள் இருப்பது ஓர் இரகசியச் சாவி. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் 30 நொடிக்கு ஒருமுறை 6 இலக்க எண் வருகிறது. சாவி எவன் கையில் கிடைத்தாலும் அதே எண் அவனுக்கும் வரும். ஆகவே எந்த ஆப் என்பதைவிடச் சாவி எங்கே கிடக்கிறது என்பதைப் பாருங்கள்.

2023 ஏப்ரலில் கூகுள் இந்த பேக்கப் வசதியைக் கொண்டுவந்தபோதே, கூகுளாலேயே படிக்க முடியாத மாதிரியான மறையாக்கம் அதில் இல்லை என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு ரீடூல் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியரைப் போலிக் குறுஞ்செய்தியாலும் தொலைபேசி அழைப்பாலும் ஏமாற்றி, அவருடைய கூகுள் கணக்குக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆதென்டிகேட்டர் எண்கள் எல்லாம் அதே கணக்கில் பேக்கப் ஆகியிருந்தன. விளைவு, 27 வாடிக்கையாளர்களின் கணக்குகள் பறிபோயின. இரண்டு பூட்டு போட்டு இரண்டு சாவியையும் ஒரே கொத்தில் மாட்டினால் இதுதான்.

ஏஜிஸ் என்ற ஆப்பைப் போடுங்கள். திறந்த மூலம் (நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம்), இலவசம், சாவிகளைக் கடவுச்சொல் போட்டுக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சாங்கி_நைட்ஷிஃப்ட் | வெள்ளி, காலை 6.20

ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் உட்கார்ந்து படித்தால் சிரிப்புதான் வருகிறது. அண்ணே, அவர் ஐஃபோன் வாங்கிவிட்டேன் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார். ஏஜிஸ் ஆண்ட்ராய்டில் மட்டும்தான்.

சரி, என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றேன். பேன்ட் பாக்கெட்டில் போன். 14 கணக்குகள், பேக்கப் எதுவும் இல்லை. தப்பு என்னுடையதுதான், ‘கிளவுட்டில் வைக்காதே’ என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வீரமாக இருந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதி, ஓரிடத்துக்குக் கடப்பிதழ் நகல்கூட அனுப்பி, மூன்று வாரம் ஆனது. இரண்டு கணக்கு திரும்பக் கிடைக்கவேயில்லை. அதில் ஒன்றில் பிள்ளை பிறந்த வருஷத்துப் படங்கள் இருந்தன.

என் கணக்கை இதுவரை எந்தத் திருடனும் தொட்டதில்லை. என்னை வெளியே நிறுத்தியது உப்புத் தண்ணீர். முறுக்கு விற்கிறவருக்கு ரீடூல் கதையைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அக்கா, பேக்கப்பைப் போடுங்கள், கூகுள் கணக்கைக் கெட்டியாகப் பூட்டுங்கள், போய் மாவு பிசையுங்கள்.

பொங்கோல்_ரூட்டர் | வெள்ளி, காலை 8.47

ஐஃபோன் என்பதைக் கவனிக்கவில்லை, ஏஜிஸை விட்டுவிடுவோம். டூஎஃப்ஏஎஸ், என்டே ஆத் என்ற ஆப்கள் இரண்டும் இரண்டு வகை போனிலும் ஓடும், இரண்டும் திறந்த மூலம். என்டே என்பது மலையாள ‘என்டெ’தான், ‘என்னுடைய’. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. அது கிளவுட்டில் வைத்தாலும் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் அவர்களாலேயே திறக்க முடியாது.

ஆனால் படங்கள் போனதற்குக் காரணம் பேக்கப் எடுக்காதது. கிளவுட்டை நம்பாததால் போகவில்லை. யுஎஸ்பி-யில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால் கடலே உள்ளே வந்தாலும் கவலையில்லை.

சாங்கி_நைட்ஷிஃப்ட் | வெள்ளி, பிற்பகல் 3.15

உங்கள் யுஎஸ்பி எங்கே இருக்கிறது, இந்த நிமிஷம், பார்க்காமல் சொல்லுங்கள்.

பொங்கோல்_ரூட்டர் | வெள்ளி, பிற்பகல் 3.31

வீட்டில் பாம் ஷெல்ட்டர் என்கிற காப்பறையில், கடப்பிதழ் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில்.

பொங்கோல்_ரூட்டர் | வெள்ளி, மாலை 7.58

வீட்டுக்கு வந்து பார்த்தேன். டின்னில் ஊசி நூல் இருக்கிறது. யுஎஸ்பி-யைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | வெள்ளி, இரவு 8.40

இத்தனை ஆப் பெயர் சொல்கிறீர்களே, எண்ணை எஸ்எம்எஸ்ஸில் வாங்குவதில் என்ன குறை? போன் தொலைந்தால் ஐசி-யை (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். அதே எண்ணில் புதுச் சிம் தருகிறார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி. எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார்.

இன்னொன்று. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்தி வந்து ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். போலிப் பக்கத்தில் விவரங்களைத் தாங்களே தட்டி மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஆப்பின் 6 எண்ணை அதே பக்கத்தில் தட்டினால் மட்டும் பணம் போகாதா?

பொங்கோல்_ரூட்டர் | வெள்ளி, இரவு 9.02

போகும் ஐயா. அந்த இடத்தில் ஆப்பும் எஸ்எம்எஸ்ஸும் ஒன்றுதான்.

ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் உள்ள ஓட்டைகள் வேறு. 2023-ல் மீன் விற்கிறோம், வீடு சுத்தம் செய்கிறோம் என்று முகநூலில் விளம்பரம் போட்டு, பிளே ஸ்டோருக்கு வெளியே ஓர் ஆப்பை இறக்க வைத்தார்கள். அந்த ஆப் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே எஸ்எம்எஸ்ஸைப் படித்துவிடும். இங்கே நடந்ததுதான், நிறையப் பேர் இழந்தார்கள். அப்புறம், ஐசி காட்டினால் சிம் தருகிறார்கள் என்றீர்களே, எனக்குப் பயமே அதில்தான். உங்கள் பெயரில் போலி ஐசி காட்டுகிறவனுக்கும் தந்துவிட்டால்?

சாங்கி_நைட்ஷிஃப்ட் | வெள்ளி, இரவு 9.10

அபூர்வமாக ரூட்டர் அண்ணனோடு ஒத்துப்போகிறேன். ஐயா, நீங்கள் வருஷா வருஷம் தஞ்சாவூர் போகிறவர். அங்கே எஸ்எம்எஸ் ஒழுங்காக வருகிறதா? ஆப்புக்கு சிக்னலே வேண்டாம், விமானத்தில் நடுவானிலும் எண் வரும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | வெள்ளி, இரவு 9.26

போன பொங்கலுக்கு மொட்டை மாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது உண்மை. அது டவர் பிரச்சினை.

ஜூரோங்_கணக்கர் | சனி, காலை 7.30

மூன்று பேரும் சண்டை போட்டதில் கேள்வி கேட்டவரை மறந்துவிட்டீர்கள்.

முறுக்குத் தங்கச்சி, முதலில் சிங்பாஸையும் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) வங்கி ஆப்புக்குள் இருக்கும் டிஜிட்டல் டோக்கனையும் இந்தப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை ஆதென்டிகேட்டருக்குள் வராது. புது போனில் அந்தந்த ஆப்பில் தனியாகப் பதிய வேண்டும். வங்கி டோக்கன் வேலை செய்யக் குறைந்தது 12 மணி நேரம் எடுக்கும், 2022-ல் மோசடிக்குப் பிறகு போட்ட விதி. ஆகவே மாவுக்காரருக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில் இதைத் தொடங்காதீர்கள். வாத்தியார் ஐயா, வங்கிகளே எஸ்எம்எஸ்ஸை விட்டு விலகிப்போகின்றன: டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்கள் இணைய வங்கிக்குள் நுழைய ஓடிபி என்ற ஒருமுறை எண் தேவைப்படாதபடி மாற்றப்போவதாக நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் 2024 ஜூலையில் அறிவித்தன.

அடுத்து, நைட்ஷிஃப்ட் தம்பி ஒன்றைச் சொல்லவில்லை. கூகுள் கணக்கில் பேக்கப் வைத்தால், புது போனில் கூகுள் கணக்கைத் திறக்க ஒரு எண் கேட்கும். அந்த எண் எங்கே இருக்கிறது? அந்த பேக்கப்புக்குள். என்டே ஆத் போட்டாலும் இதே வினை வரலாம், அது மின்னஞ்சலுக்குச் சரிபார்ப்பு அனுப்பினால், மின்னஞ்சல் ஆப்பின் எண்ணைக் கேட்கும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது என்பது இதுதான். பழைய போன் கையில் இருக்கிறவரைக்கும் இது தெரியவே தெரியாது. இதை உடைக்க கூகுளே 10 காப்பு எண்கள் தருகிறது, ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஜிமெயிலுடையதை மட்டுமாவது இன்றைக்கே தாளில் எழுதிவிடுங்கள்.

மாறுவதென்றால்: பழைய போனில் கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்குகளை ஏற்றுமதி செய்யும் இடம் இருக்கிறது. ஒரு கியூஆரில் 10 கணக்குதான் அடங்கும், உங்களுக்கு இரண்டு வரும். இரண்டாவதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, என் அக்கா மகள் உட்பட. ஐஃபோனில் புது ஆப்பைத் திறந்து நேராகத் திரையிலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், அதில் உங்கள் 10 சாவியும் இருக்கிறது. பிறகு இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே எண் இருக்க வேண்டும், ஒரே நொடியில் மாற வேண்டும். மாறவில்லை என்றால் ஏதோ ஒரு போனில் நேரம் கையால் வைத்திருக்கிறார்கள்.

ஜிமெயில், டொமைன், இணையக் கடை மூன்றுக்கு மட்டும் இதோடு நிற்காதீர்கள். உள்ளே போய்ப் பழைய பதிவை நீக்கிப் புது கியூஆர் வாங்குங்கள். அப்போதுதான் பழைய போனில் கிடக்கும் சாவி செத்துப்போகும்.

என் கட்சியைக் கேட்டால், ரூட்டருக்கு முக்கால், நைட்ஷிஃப்டுக்குக் கால். ஆனால் எண்களை வெளியே எடுக்க வழி வைக்காத ஆப்பில் மட்டும் நுழையாதீர்கள். ஆத்தி என்ற ஆப் அப்படிப்பட்டது. அதன் கணினிப் பதிப்பு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, விலக நினைத்தவர்கள் ஒவ்வொரு கணக்காக ஏறி இறங்க வேண்டியிருந்தது.

சாங்கி_நைட்ஷிஃப்ட் | சனி, காலை 9.12

பீரோ விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, ரைவோ என்ற ஐஃபோன் ஆப்பும் ஒரு காலத்தில் எல்லாரும் புகழ்ந்த திறந்த மூல ஆப்தான். 2023-ல் கைமாறியது, 2024-ல் ஒரு அப்டேட் வந்ததும் பலருக்கு எண்களே காணாமல் போயின. சின்ன ஆப்பை நம்பினால் இந்த ஆபத்தும் உண்டு. கூகுள் நாளைக்கும் இருக்கும்.

பொங்கோல்_ரூட்டர் | சனி, காலை 9.20

அதனால்தான் யுஎஸ்பி என்றேன்!

சாங்கி_நைட்ஷிஃப்ட் | சனி, காலை 9.21

கிடைத்ததா?

ஈசூன்_முறுக்கு | ஞாயிறு, இரவு 10.15

கணக்கர் அக்கா சொன்னபடியே என்டே ஆத்துக்கு மாறிவிட்டேன். 19-ல் 17 சுலபமாக வந்துவிட்டது. எண்கள் ஒன்றாக மாறுவதைப் பார்க்க மகளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, 30 நொடிக்கு ஒருமுறை கைதட்டினாள். மீதி இரண்டில் ஒன்று நான் 2019-ல் தொடங்கிப் பாதியில் விட்ட சமையல் வலைப்பூ, அது போகட்டும். இன்னொன்று டொமைன் வாங்கிய இடம். அந்தத் தளத்தில் பழைய பதிவை நீக்கிப் புது கியூஆர் போட்டபோது எண்ணை ஒப்புக்கொள்ளவில்லை, மூன்று முறை தப்பு என்றது. பார்த்தால் ஆப்பில் அதே பெயரில் இரண்டு பதிவு, பழையதைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்காரருக்காகக் கூகுள் பேக்கப்பும் போட்டிருக்கிறேன், ஐஃபோனின் கூகுள் ஆதென்டிகேட்டரில் இன்ஸ்டாகிராம், சமையல் குழு மாதிரி சின்னக் கணக்குகளை மட்டும் ஏற்றி. ரூட்டர் அண்ணன் திட்டுவார் என்று தெரியும். 10 எண் எழுதிய தாள் பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது.

பொங்கோல்_ரூட்டர் | ஞாயிறு, இரவு 10.31

இங்கே அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இடத்தை மாற்றுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.50

வங்கியை விடமாட்டேன், அது வேறு. மின்னஞ்சலுக்கு மட்டும் முயன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கியூஆர் வேண்டாம் என்றதும் எழுத்தாகவே சாவியைக் காட்டியது. நோட்டில் 32 எழுத்து எழுதி, அதைப் பார்த்து ஆப்பில் தட்டினால் சாவி தவறு என்கிறது. என் கையெழுத்தில் ஏழாவது எழுத்து எட்டு மாதிரி இருக்கிறது.

பொங்கோல்_ரூட்டர் | ஞாயிறு, இரவு 10.53

ஐயா, இந்தச் சாவியில் ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையுள்ள எண்களும்தான் வரும். 0, 1, 8, 9 கிடையாது. அது பி.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.58

பி போட்டேன். எண் வந்துவிட்டது. நோட்டை எங்கே வைக்கப்போகிறேன் என்று இங்கே சொல்லமாட்டேன்.