பில் சேவ் ஆக 6 செக்கன்: முழுச் சிஸ்டத்தையும் அளக்கிறதா, ஜாவாவை மட்டும் பார்க்கிறதா?

நெல்மூட்டை (சம்மாந்துறை)
நெல் ஆலையில எடைப் பில் போடுற சேர்வர். 4 கோர், 8 ஜிபி ரேம், 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒண்டுதான். உபுண்டு 22.04, ஜாவா, மரியாடிபி டேட்டாபேஸ். லொறி வரிசையில நிக்கக்குள்ள சில பில் சேவ் ஆக 5, 6 செக்கன் எடுக்குது. மற்ற நேரம் உடனே முடியுது. ஜாவா ப்ரொஃபைலரில ஒண்டும் பிடிபடல்ல. மொத்த சிபியூ 25% தாண்டல்ல. எங்க இருந்து தொடங்கலாம்?

கல்லடிப்பாலம்
ஒரு ப்ரொசஸை மட்டும் பார்த்தா பக்கத்து வீட்டுக்காரன் செய்யிற வேலை தெரியாது. பெர்ஃப் எண்டு லினக்ஸில ஒரு கருவி, சிபியூவில என்ன ஓடுது எண்டு சாம்பிள் எடுக்கும். பெர்ஃப் ரெக்கோர்டை 'ஏ' ஒப்ஷனோட ஓட்டுங்க, எல்லா கோரும், கேர்னலும் சேர்ந்து வரும். வேகம் 99 ஹேர்ட்ஸ் (ஒரு கோருக்குச் செக்கனுக்கு 99 சாம்பிள்), 30 செக்கன். 100 குடுக்காதீங்க: 100க்கு ஓடுற டைமர் வேலைகளோட கால் ஒத்துப் போனா ஒரே இடம்தான் திரும்பத் திரும்ப விழும். ரிப்போர்ட்டை முதல்ல ப்ரொசஸ் பேர்படி பிரிங்க, ஃபங்ஷன் மறுகா. சுடோ போட்டா போதும், பரனொய்ட் செட்டிங்கை (ஆர் பெர்ஃப் ஓட்டலாம் எண்ட கட்டுப்பாடு) -1 ஆக்கி அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க.

அக்கரைப்பற்றுக் காக்கா
கணக்குப் பார்ப்பம் தம்பி. 99 × 4 × 30 = 11,880. நாலு கோரும் முழுசா ஓடினாத்தான் அவ்வளவு சாம்பிள். 25% எண்டா கிட்டத்தட்ட 3,000 வரும். மிச்சம் 9,000 எங்க? அந்த 6 செக்கன் அதுக்குள்ளதான் ஒளிச்சிரிக்கி. சிபியூவில ஓடுறவனைத்தான் பெர்ஃப் இப்படிப் படம் பிடிக்கும், டிஸ்க்குக்காகத் தூங்குறவனை இல்ல.

மலிவான வழி இரிக்கி. மரியாடிபியின்ட ஸ்லோ குவெரி லொக்கைத் திறங்க. லோங் குவெரி டைம் டிஃபோல்ட்டா 10 செக்கன், அதால 6 செக்கன் குவெரி அதில விழவே விழாது. 1 ஆக்குங்க. பில் இழுபடக்குள்ள ஜேஸ்டேக்கை (ஜாவா த்ரெட்டுகள் எந்த வரியில நிக்குது எண்டு காட்டும்) 2 செக்கனுக்கு ஒருக்கா மூணு தரம் எடுங்க. மூணிலயும் ஒரே வரியில நிக்கிற த்ரெட்டைப் பிடிச்சாப் பாதி வேலை முடிஞ்சுது.

கல்லடிப்பாலம்
9,000 கணக்குச் சரி காக்கா, அதை ஒத்துக்கிறன். ஆனா ஸ்லோ லொக் ஆர் தாமதமானது எண்டுதான் சொல்லும், ஆர் தாமதமாக்கினது எண்டு சொல்லாது. டிஸ்க் அடைபட்டா ஒரு பாவமும் செய்யாத கொமிட் (பதிவை முடிச்சு வைக்கிற கட்டளை) எல்லாம் அதில வரிசையா நிக்கும். மறுகா நாலு நாள் இண்டெக்ஸ் போட்டுத் திரியிறதா?

பெர்ஃப்புக்கு முதல் செய்ய வேண்டியதை நான் சொல்லாம விட்டது என்ட பிழை. ப்ரொக் அடியில ப்ரெஷர் எண்டு ஒரு இடம் இரிக்கி, கேர்னல் 4.20 இல இருந்து. அதில ஐஓ ஃபைலைப் பாருங்க. 'ஃபுல்' வரியில அவரேஜ் 10 (கடைசி 10 செக்கன் சராசரி) ஏறினா, வேலை இரிக்கிற எல்லாருமே டிஸ்க்கைப் பார்த்து நிக்கிறாங்க எண்டு அர்த்தம். கூடவே விஎம்ஸ்டாட் 1: 'பி' நிரல் டிஸ்க்குக்கு நிக்கிறாக்கள், 'எஸ்ஐ', 'எஸ்ஓ' அசைஞ்சா ஸ்வொப். இதுவும் முழுச் சிஸ்டம்தான், ஒரு ப்ரொசஸ் இல்ல.

மருதமுனைத் தறி
பெர்ஃப் ஓட்டுறதெண்டா ஒரு எச்சரிக்கை. 22.04 பக்கேஜுகள் ஃப்ரேம் பொயிண்டர் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது எண்டு பின்தொடர உதவுற அடையாளம்) இல்லாமக் கட்டினவை (உபுண்டு 24.04 இலதான் 64 பிட்டுக்கு அதைத் திரும்பக் கொண்டு வந்தாங்க). அதால மரியாடிபியின்ட கோல் ஸ்டேக் ரெண்டு படியில அறுந்து 'அன்நோன்' எண்டு நிக்கும். ட்வார்ஃப் முறைக்கு மாறினா ஒவ்வொரு சாம்பிளுக்கும் 8 கேபி ஸ்டேக்கைக் கொப்பி பண்ணும். 11,880 சாம்பிள் எண்டா 97 எம்பி, அதுவும் நீங்க சந்தேகப்படுற அதே டிஸ்க்கில! நோயாளிட நெஞ்சில ஏறி நிண்டு நாடி பார்க்கிற மாதிரி. ரேமில இரிக்கிற டெவ் எஸ்எச்எம்மில எழுதுங்க.

ஜாவாவுக்கு ப்ரிசேர்வ் ஃப்ரேம் பொயிண்டர் ஃப்ளாக் போட்டுத்தான் தொடங்க வேணும். 17 வேர்ஷன் எண்டா ஜேசிஎம்டியின்ட பெர்ஃப்மேப் கட்டளையால ஃபங்ஷன் பேர்களை எடுக்கலாம். அது இல்லாட்டி வெறும் ஹெக்ஸ் நம்பர்தான்.

அக்கரைப்பற்றுக் காக்கா
இவ்வளவு சடங்கும் எதுக்கு? அசிங்க் ப்ரொஃபைலர் எண்ட ஜாவாக் கருவியை 'வோல்' மோடில போட்டா தூங்குற த்ரெட்டும் சேர்ந்து வரும்.

மருதமுனைத் தறி
வரும், ஜாவா சொக்கெட்டில காத்திருக்குது எண்டு வரும். அந்தப் பக்கம் மரியாடிபி ஏன் நிக்குது? பிபிஎஃப்சிசி டூல்ஸ் பக்கேஜில ஈஎக்ஸ்டி4 ஸ்லோவர் இரிக்கி (ஈஎக்ஸ்டி4 எண்டது டிஸ்க்கில ஃபைல்களை வைக்கிற ஃபைல் சிஸ்டம்), 10 மில்லிசெக்கன் தாண்டின ஃபைல் வேலைகளை மட்டும் காட்டும். பயோஸ்னூப் ஒவ்வொரு டிஸ்க் ஐஓவையும் ப்ரொசஸ் பேரோட காட்டும். ரெண்டையும் ரெண்டு டேர்மினலில விடுங்க. த்ரெட் சிபியூவில இல்லாம நிண்ட நேரத்தை அளக்கிற ஓஃப் சிபியூ டைம் கருவியும் நல்லது, ஆனா ஒவ்வொரு த்ரெட் மாற்றத்திலயும் ஓடும். மிகக் குறைஞ்ச நேரம் 10,000 மைக்ரோசெக்கன் எண்டு வடிகட்டாம பிஸியான சேர்வரில விடாதீங்க.

நெல்மூட்டை (சம்மாந்துறை)
பார்த்தன். பில் இழுபடக்குள்ள ஐஓ 'ஃபுல்' 70க்கு மேல. ஸ்வொப் அசையல்ல. ஸ்லோ லொக்கில எல்லாம் கொமிட். ஈஎக்ஸ்டி4 ஸ்லோவரில மரியாடிபியின்ட எஃப்சிங்க் (டேட்டாவைக் கட்டாயமா டிஸ்க்கில இறக்கிற அழைப்பு) 4,000 மில்லிசெக்கன் வரைக்கும். பயோஸ்னூப்பில ஜேபிடி2 (ஈஎக்ஸ்டி4 ஜேர்னலை எழுதுற கேர்னல் த்ரெட்), கேவேர்க்கர் (பின்னால எழுதுற கேர்னல் த்ரெட்) பேர்தான் நிறைய. க்ரொன்னில 15 நிமிஷத்துக்கு ஒருக்கா எடைப் பால ஃபோட்டோக்களை ஆர்சிங்க் வேறொரு ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணுது. ரெண்டும் ஒரே பார்ட்டிஷன்.

கல்லடிப்பாலம்
அப்ப அதுதான். ஈஎக்ஸ்டி4 ஓர்டர்ட் மோடில ஜேர்னல் (ஃபைல் சிஸ்டத்தின்ட மாற்றக் குறிப்பேடு) கொமிட் ஆகிறதுக்கு முதல், அந்த ட்ரான்ஸாக்ஷனில புதிசா ப்ளொக் ஒதுக்கின ஃபைல்களின்ட டேட்டாவும் டிஸ்க்கில இறங்க வேணும். டேட்டாபேஸ் தன்ட நாலு கேபிக்கு எஃப்சிங்க் கேட்டா, ஃபோட்டோ மூட்டையையும் அதுதான் சுமக்குது. இதை எந்த ஜாவா ப்ரொஃபைலர் காட்டும்?

அக்கரைப்பற்றுக் காக்கா
நீங்க முதல் சொன்ன பெர்ஃப்பும்தான் காட்டியிராது. ஸ்லோ லொக்கில கொமிட் மட்டும் நிண்டதே பெரிய தடயம், குவெரி பிழையில்ல எண்டு அங்கயே தெரிஞ்சுது.

மருதமுனைத் தறி
அயோநைஸ் (ஒரு ப்ரொசஸின்ட டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கிற கட்டளை) போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீங்க, எழுதுறது ஆர்சிங்க் இல்ல, பின்னால கேவேர்க்கர். ஆர்சிங்க்குக்கு பேண்ட்வித் லிமிட் 4000 குடுங்க, செக்கனுக்கு 4 எம்பி அளவு. டேர்ட்டி பெக்ரவுண்ட் பைட்ஸை 64 எம்பி ஆக்கினா அழுக்குப் பேஜ்கள் (டிஸ்க்கில இறங்காம ரேமில நிக்கிறவை) மலையாக் குவியாது. இல்லாட்டி மரியாடிபியின்ட ஃப்ளஷ் லொக் செட்டிங்கை 2 ஆக்குங்க, எஃப்சிங்க் செக்கனுக்கு ஒருக்காத்தான் போகும்.

அக்கரைப்பற்றுக் காக்கா
அந்தக் கடைசி வேலை வேண்டாம். 2 எண்டா கரண்ட் போற நேரம் கடைசி ஒரு செக்கன் பில்லுகள் போயிரும். கையில துண்டோட நிக்கிற விவசாயிக்கு ஆர் பதில் சொல்றது? 1 இல வைங்க. ஃபோட்டோவை வேற டிஸ்க்குக்கு மாத்துங்க.

நெல்மூட்டை (சம்மாந்துறை)
லிமிட் போட்டாச்சு, ஸ்லோவரில எஃப்சிங்க் இப்ப 60 மில்லிசெக்கனுக்குள்ள. ரெண்டாவது டிஸ்க் வாங்கினாப் பிறகு திரும்ப அளந்து போடுறன்.