விவாதத்துல பேசிப் பழகின எனக்கு மூட்ல (சட்ட மாணவர் வாதாடிப் பழகிற மாதிரி வழக்குல) வாய் அடைச்சுப் போகுது, என்ன செய்யலாம்?

முதல்வருஷம்_கொழும்பு:
வணக்கம். ஸ்கூல்ல நாலு வருஷம் தமிழ் விவாத டீம்ல இருந்தனான், மேடைப் பயம் துப்பரவா இல்ல. போன கிழமை எங்கட பெச்சுக்குள்ள நடந்த மூட்ல மனுதாரருக்காக நிண்டன், அரசியலமைப்பு 12(1), சமத்துவ உரிமை மீறல். ரெண்டு நிமிஷம் கூட ஆகேல்ல, நீதிபதியா இருந்த சட்டத்தரணி மறிச்சு, சம்பவம் நடந்து நாலு மாசத்துக்குப் பிறகு தானே மனு போட்டிருக்கு, ஒரு மாசக் கெடு என்னாச்சு எண்டு கேட்டார். நான் அதுக்குப் பிறகு வாறன் எண்டு சொல்லிட்டு எழுதி வச்சதையே வாசிச்சன். அவர் பேனையை மூடி மேசையில வச்சிட்டார். அந்த டிக் சத்தம் இன்னும் காதுல கிடக்கு. இங்கிலீஷ் வேற தடுமாறுது.

புதுக்கடை_அக்கா:
தங்கச்சி, விவாதத்துல நடுவர் கடைசி வரைக்கும் வாய் திறக்கமாட்டார், மூட்ல நீங்க கதைக்க வந்ததே அவரோட தான். கேள்வி வந்தா அந்த இடத்துலயே நிப்பாட்டி முதல்ல ஓமா இல்லையா சொல்லோணும், பிறகு காரணம், பிறகு தான் விட்ட இடம். பிறகு வாறன் எண்ட சொல்லையே மறந்திடுங்கோ.

உரிமை மீறல் மனுவை ஒரு மாசத்துக்குள்ள போடோணும் எண்டது அரசியலமைப்பின்ர 126(2)ல வருது. ஆனா 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவைப் பாருங்கோ, ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திருந்தா விசாரணை நிலுவையில இருக்கிற காலம் கணக்குல சேராது. உங்கட சம்பவ விவரத்துல அப்பிடி ஒரு வரி இருக்கா எண்டு திரும்ப வாசிங்கோ. முறைப்பாட்டுக் கடிதம் மட்டும் காணாது, விசாரணை உண்மையிலயே நடக்குதா எண்டும் நீதிபதிமார் கேப்பினம்.

வெள்ளவத்தை_87:
அக்கா சொன்னது சரி, ஆனா விவாதப் பழக்கத்தை விட்டிடாதேங்கோ. ஜெசப் எண்ட சர்வதேசச் சட்ட மூட் போட்டியில ஒரே பிரச்சினைக்கு ரெண்டு பக்கத்துக்கும் எழுத்துச் சமர்ப்பணம் எழுதோணும், ரெண்டு பக்கமும் நிண்டு வாதாடோணும், ஒரு டீமுக்கு 45 நிமிஷம். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் எண்டு யோசிக்கிறது உங்களுக்குக் கைவந்த வேலை தானே. இங்கிலீஷுக்கு நான் செய்தது, வாதத்தை முதல்ல தமிழ்ல ஒரு ஃபிரெண்டுக்குச் சொல்லுவன், அவனுக்கு விளங்கின பிறகு தான் இங்கிலீஷ்ல எழுதுவன், வசனம் தானா சின்னதாகும்.

முதல்வருஷம்_கொழும்பு:
அக்கா, 9ஆம் பந்தியில இருக்கு! சம்பவம் நடந்து 20ஆம் நாள் மனுதாரர் ஆணைக்குழுவுக்குப் போயிருக்கிறா. நான் அதைப் பென்சிலால கோடு போட்டும் வச்சிருக்கிறன், ஏன் எண்டு தான் அப்ப விளங்கேல்ல. அடுத்த முறை எதிர்மனுதாரர் பக்கம், அந்த விசாரணைக்கு என்ன நடந்தது எண்டதுல இருந்து தான் தொடங்கப் போறன்.