40-ஆம் எண் பிளைமவுத்: பழைய ரேஸ் வண்டியை மறுபடி கட்டிய கதைகள்

சார்லட் வாசி:

வேலைக்காக நார்த் கரோலினா வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் மூன்று வருஷச் சனிக்கிழமைகள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கராஜில் போயின. அவர் கட்டியது 1970 டேடோனா 500 கார் பந்தயத்தில் ஓடிய பிளைமவுத் சூப்பர்பேர்டின் நகல். முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் ஆள் உட்காரலாம் போல உயர்ந்த இறக்கை. படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

நிஜ சூப்பர்பேர்டில் யாரும் கிரைண்டர் வைக்க மாட்டார்கள். டீலர் இரண்டு பேருக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் பொதுமக்களுக்கும் விற்றால்தான் ரேஸில் விடலாம் என்று, அமெரிக்காவில் இந்தக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் விதி இருந்தது. அதற்காகவே ஒரே ஒரு வருஷம் செய்த வண்டி, 1,900-க்குச் சற்று மேல்தான் வெளிவந்தது. அதனால் அவர் பிடித்தது 318 கன அங்குல எஞ்சின் போட்ட ஒரு சாதாரண 1970 பிளைமவுத் சாட்டிலைட் கார். தரைத்தகடு முழுக்கத் துரு. உள்ளே நின்றால் கீழே புல் தெரியும்.

நகல் கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் 43 என்று எழுதுவார்கள். அது புகழ்பெற்ற ரேஸ் ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியின் எண். ஆனால் அந்த வருஷம் டேடோனா 500-ஐ ஜெயித்தது அதே பெட்டி குழுவின் 40-ஆம் எண் வண்டி, ஓட்டியவர் பீட் ஹாமில்டன். “ஜெயித்தது எதுவோ அதைக் கட்டுவோம்” என்றார் பெரியவர்.

மூக்கு பொருத்தும்போதுதான் முதல் குழப்பம். வாங்க வேண்டிய பட்டியலில் டாட்ஜ் கோரோனெட் என்ற வேறொரு காரின் முன் ஃபெண்டரும் (மட்கார்டு) பானெட்டும் இருந்தன. தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை, பிளைமவுத்தின் சொந்த ஃபெண்டரில் அந்த மூக்கு உட்காராது என்பதால் கம்பெனியே கோரோனெட்டின் பாகங்களைத்தான் போட்டது. நாங்கள் ஒரு கடையில் ஆர்டர் செய்த ஃபைபர் மூக்கு அதிலும் உட்காரவில்லை. இடது பக்கம் விரல் போகும் இடைவெளி. அறுத்து, ஒட்டி, தேய்த்து இரண்டு மாதம் போனது.

பின் கண்ணாடி இன்னொரு கூத்து. காற்று வழுக்கிப் போக அதைச் சாய்த்துச் சமமாக்கியிருந்தார்கள். சுற்றியுள்ள ஒட்டுவேலை தெரியாமல் இருக்க, சாலையில் விற்ற வண்டிகளின் கூரைக்கு வினைல் போர்த்தினார்கள். ரேஸ் வண்டிக்கு அந்தப் போர்வை கிடையாது. ஆகவே வெல்டிங்கை மறைக்க வழியில்லை.

இனி என் கதை. எனக்குத் திருச்செங்கோடு பக்கம். லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன், டிங்கரிங் வேலையில் கை சும்மா இருக்காது. இரண்டு வாரம் உட்கார்ந்து இடது கதவுக்குப் பட்டி பார்த்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து வைத்தேன். பெரியவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். “ரொம்ப நன்றாக இருக்கிறது. அதுதான் பிரச்சினை.”

பதினான்கு வயதில் அப்பாவோடு அந்தப் பந்தயத்தை வேலி ஓரமாக நின்று பார்த்தவர் அவர். அந்த சீசனில் மட்டும் 48 பந்தயம். இந்த வாரம் நசுங்கியதைத் தட்டி எடுத்து, மேலே பெட்டி குழுவின் நீலத்தைப் பூசி, அடுத்த வாரம் ஓட்டியிருக்கிறார்கள். முகம் தெரியத் தேய்க்க யாருக்கு நேரம்? எண்ணைக்கூட ஸ்டிக்கராக ஒட்டவிடவில்லை. போர்டு எழுதும் ஒருவரை வரவழைத்தார். நம் ஊரில் லாரிக்குப் பின்னால் ‘ஒலி எழுப்பவும்’ எழுதுவார்களே, அதே போல இடது கை விரலைத் தாங்கலாக வைத்து 40-ஐ எழுதினார் அந்த மனிதர். கிட்டே போனால் தூரிகைத் தடம் தெரியும்.

பழைய இரும்பு:

அண்ணா, அருமை. என் அனுபவம் கொஞ்சம் கசப்பு. நான் ஒஹாயோவில் இருக்கிறேன். செய்தது அதே மாதிரி மூக்கும் இறக்கையும் உள்ள டாட்ஜ் சார்ஜர் டேடோனா என்ற வண்டியின் நகல், 1969 மாடல். இறக்கையை வெறும் பின் தகட்டில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன். நெடுஞ்சாலையில் 70 மைல் தொட்டதும் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம். நிறுத்திப் பார்த்தால் தூணின் அடியில் பெயிண்ட் விரிசல், தகடு அலை அலையாக இருக்கிறது. அசல் வண்டியில் டிக்கிக்குள்ளே இரும்பு முட்டு கொடுத்திருப்பார்கள், அந்த இறக்கை பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கத்தானே இருக்கிறது! 1970 மார்ச்சில் டாலடேகா ட்ராக்கில் பட்டி பேக்கர் என்ற ஓட்டுநர் இதே மாடலில்தான் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். எனக்கு 70-க்கே மூச்சு வாங்கியது.

இன்னொன்று, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் விட்டிருக்கிறேன், அசல் மாதிரி இருக்கட்டும் என்று. மூன்று முறை அழுத்தினால் நாலாவது முறை கடவுள் விட்ட வழி.

மிச்சிகன் மாப்பிள்ளை:

யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. உருப்படியான பழைய சார்ஜரையோ ரோட் ரன்னர் காரையோ அறுத்து ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) நட்டால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. போன வருஷம் ஒருவர் எஞ்சின் முதல் சீட் வரை எல்லாம் அசலாக இருந்த வண்டியின் கதவை வெல்டிங் வைத்து மூடியதைப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. துருப்பிடித்த 318 என்றால் சரி, அதற்கு மறுபிறவி. ஓடுகிற வண்டியில் கை வைப்பது பாவம்.

சார்லட் அண்ணனிடம் ஒரு கேள்வி. ஜன்னல் வலை போட்டீர்களா?

சார்லட் வாசி:

மாப்பிள்ளை, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் வீட்டுப் பெரிய சண்டையே அதுதான்.

டேடோனா பந்தயம் 1970 பிப்ரவரியில். டார்லிங்டன் ட்ராக்கில் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி உருண்டு, அவர் தலையும் கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது அதே வருஷம் மே மாதம். அதற்குப் பிறகுதான் ஓட்டுநர் ஜன்னலுக்கு வலை கட்டாயம். ஆக, பிப்ரவரி வண்டியில் வலை இருந்தால் தப்பு. ஆனால் இன்றைக்கு வலை இல்லாத ரேஸ் வண்டியைப் பெரும்பாலும் ட்ராக்குக்குள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. கடைசியில் கேஜ் குழாயில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி வைத்தோம். ஓடும்போது வலை மாட்டுவோம், கண்காட்சியில் கழற்றிவிடுவோம். குழாய் ஒன்றேமுக்கால் அங்குலம், பெட்ரோல் டாங்குக்குப் பதில் கசியாத ரப்பர் பை. இவற்றில் மட்டும் பெரியவர் 1970-ஐப் பார்க்கவில்லை.

எஞ்சின் அன்றைய ரேஸ் வண்டியில் இருந்த 426 ஹெமி இல்லை, 440. ஹெமியின் விலையைக் கேட்ட அன்று இருவரும் பேசாமல் காபி குடித்தோம்.

பழைய இரும்பு:

சரி அண்ணா, அந்த வழவழ இடது கதவு என்ன ஆச்சு? தட்டி நசுக்கிவிட்டாரா?

சார்லட் வாசி:

சுத்தியலை எடுத்துவிட்டார். நான் கெஞ்சியதால் விட்டார். வலது கதவோடு வைத்துப் பார்த்தால் இப்பவும் தெரியும், ஏதோ ஒரு கதவு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி.

அப்புறம் ஒரு விஷயம். ரேஸ் வண்டிக்குக் கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். இரண்டு கதவையும் வெல்டிங் வைத்தவர் அவரேதான். முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர். முதல் முறை ஸ்டார்ட் பண்ணும் நாளில் சாவகாசமாக என்னைப் பார்த்து, “உள்ளே போ” என்றார். நீங்கள் உட்காருங்கள் என்றேன். காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். மூச்சை இழுத்துப் பிடித்து ஜன்னலுக்குள் நுழைந்து, ஸ்விட்சைப் போட்டேன். கராஜ் ஷட்டர் அதிர்ந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், அவர் வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டிருந்தார்.